வலிக்கு மருந்து கேட்பது பாவமா?

(நோயாளர் உலக நாளை முன்னிட்டு வானொலியில் ஆற்றிய மறையுரை)



பிப்ரவரி 11, தூய லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992இல் இந்த நாளை நோயாளருக்கான உலக நாளாக ஏற்படுத்தினார். இன்று நம் கோயில்களில் நோயாளிகளுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். நாற்காலியில் தூக்கி வரப்படும் பெரியவர்களுக்கு நோயில்பூசுதல் வழங்கப்படுகிறது. ஆனால் தூக்கி வரவும் முடியாதவர்கள் இருக்கிறார்கள். “இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்” என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். பாதி சாத்திய கதவுக்குப் பின்னால், உள்ளறையில் படுத்திருப்பவர்கள். அவர்களைப் பற்றியும், அவர்களுக்கென்றே வாழ்ந்த ஒரு மருத்துவரைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

அவர் பெயர் சிசிலி சாண்டர்ஸ். இங்கிலாந்தில் 1918இல் பிறந்தவர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். முதலில் செவிலியராகப் பயிற்சி பெற்றார். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல், மருத்துவமனையில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தார். அப்போது டேவிட் டாஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். போலந்து நாட்டு யூதர், வயது 40, புற்றுநோய். லண்டனில் அவருக்குச் சொந்தம் என்று சொல்ல யாருமில்லை. சாகும் நாள் நெருங்குகையில் அவர் ஆறுதலாக ஏதாவது சொல்லும்படி கேட்க, சாண்டர்ஸ் தமக்கு மனப்பாடமான திருப்பாடல்களைச் சொன்னார். மேலும் வாசிக்கட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், உங்கள் மனத்தில், உள்ளத்தில் இருப்பதைச் சொன்னால் போதும் என்றாராம் டாஸ்மா. தம்மிடமிருந்த 500 பவுண்டை அவருக்கு எழுதி வைத்தார். சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாக இருப்பதாகவும் சொன்னார். அது 1948. அந்த ஜன்னலைச் சுற்றி வீடு எழும்ப 19 ஆண்டுகள் ஆயின.

அதற்கு முன் சாண்டர்ஸ் மருத்துவராக வேண்டியிருந்தது. சாகும் நோயாளிகளைக் கைவிடுவது மருத்துவர்கள்தான், ஆகவே மருத்துவம் படி என்று அவரோடு பணிசெய்த அறுவை மருத்துவர் ஒருவர் சொல்ல, 33 வயதில் கல்லூரி சேர்ந்து 1957இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டு கிழக்கு லண்டனில் ஹாக்னி என்னும் இடத்திலிருந்த புனித சூசையப்பர் இல்லத்துக்குப் போனார். இதைக் கத்தோலிக்கர்களாகிய நாம் மகிழ்ச்சியோடு நினைக்கலாம். ஐரிஷ் பிறரன்புச் சகோதரிகள் 1905இல் தொடங்கிய இல்லம் அது. ஏழை நோயாளிகளை அந்தச் சகோதரிகள் மிகுந்த பரிவோடு பார்த்துக்கொண்டார்கள். பரிவு இருந்தது, வலி அடங்கவில்லை.

அந்நாளில் பல மருத்துவமனைகளில் வழக்கம் என்னவென்றால், நோயாளி தாங்க முடியாமல் கதறினால்தான் மார்பின் கொடுப்பார்கள். மருந்து தீர்ந்ததும் வலி திரும்பும், நோயாளி மறுபடி கதற வேண்டும். சாண்டர்ஸ் அதை மாற்றினார். வாய்வழியாக, 4 மணிக்கு ஒரு முறை, வலி திரும்புமுன்பே, அவரவர் தேவைக்கேற்ற அளவு. இதைத்தான் செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்துக் குறிப்பெழுதினார். நோயாளிகள் எல்லாரும் பயந்தபடி மருந்துக்கு அடிமையாகவில்லை. தெளிவாக இருந்தார்கள், பேசினார்கள், உண்டார்கள். மார்பின் மலச்சிக்கல் உண்டாக்கும், அதற்கும் கூடவே மருந்து தர வேண்டும். மறையுரையில் மலச்சிக்கலா என்று சிலர் சிரிக்கலாம். படுக்கையில் கிடப்பவரைக் கவனித்துக்கொண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் அவர் கண்டார். ஒரு பெண்ணிடம் வலியைப் பற்றிக் கேட்டபோது, வலி முதுகில்தான் தொடங்கியது, இப்போது தம்மில் எல்லாமே கெட்டுப்போனது போலிருக்கிறது என்றார் அந்தப் பெண். தம்மைப் பார்த்துக்கொள்ளக் கணவரும் மகனும் வேலைக்குப் போகாமல் சம்பளத்தை இழக்க வேண்டியிருக்குமே என்றும் வருந்தினார். உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததே வலி என்று சாண்டர்ஸ் கற்பித்தது இத்தகைய பேச்சுகளைக் கேட்டதால்தான். 1967இல் தெற்கு லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. 1969 முதல் அங்கிருந்து செவிலியர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கே போனார்கள். அந்தந்தக் குடும்ப மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். “ஆண்டவர் சிலுவையில் பட்ட பாட்டை நினைச்சுப் பொறுத்துக்கோங்க அம்மா” என்று சொல்லி, மருத்துவர் எழுதிக் கொடுத்த மார்பின் மாத்திரையைக் கொடுக்காமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அன்பினால்தான் செய்கிறார்கள். கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை இயேசு ஏற்றுக்கொள்ளவில்லையே என்று நற்செய்தியையும் காட்டுகிறார்கள். அவர் மறுத்தது தமக்கு. வேறெவருக்கும் அவர் வலியை விதித்ததாக நற்செய்தியில் இல்லை. வலியால் துடித்தவர்களைக் கண்ட இடமெல்லாம் குணமாக்கினார் என்றே வாசிக்கிறோம். தம் பாடுகளை ஒருவர் விரும்பி ஒப்புக்கொடுக்கலாம், அது அவருடைய புண்ணியம். அம்மாவின் பாடுகளை மகன் ஒப்புக்கொடுக்க முடியாது.

திருச்சபையின் போதனை இதில் தெளிவாக இருக்கிறது. 1957 பிப்ரவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மயக்க மருந்து மருத்துவர்கள் கேட்ட கேள்விக்கே நேராகப் பதில் சொன்னார். வேறு வழியில்லாதபோது, வலியைத் தணிக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும் கொடுக்கலாம். சாவை விரும்பிக் கொடுக்கக் கூடாது. தகுந்த காரணமின்றி நோயாளியின் உணர்வையும் பறிக்கக் கூடாது. இன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2279ஆம் எண்ணில் இதையே சொல்லி, இத்தகைய சிகிச்சையைத் தன்னலமற்ற அன்பின் தனிச்சிறப்பான வடிவம் என்று போற்றுகிறது.

ஆகவே உங்கள் குடும்ப மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். எத்தனை நாள் உயிரோடு இருப்பார் என்றே எல்லாரும் கேட்கிறார்கள். இரவில் வலியில்லாமல் தூங்க என்ன செய்யலாம் என்றும் கேளுங்கள். நமக்குப் பக்கத்திலேயே, கோழிக்கோட்டில், டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993இல் தொடங்கிய பணியால், கேரளத்தின் பல ஊர்களில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குப் போகிறார்கள். தமிழகத்தில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆதரவுச் சிகிச்சை உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

குருக்களாகிய எங்களுக்கு அடிக்கடி வரும் அழைப்பு ஒன்று இருக்கிறது. “ஃபாதர், பூசுதல்னு சொல்லாதீங்க. சும்மா பார்க்க வந்த மாதிரி வாங்க. அப்பா பயந்துடுவார்.” பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அவரும் பேசாமல் இருக்கிறார். ஒரே வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கவும் நன்றி சொல்லவும் இருந்த நாள்களை இழந்துவிடுகிறார்கள். நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நினைவு தெளிவாக இருக்கும்போதே, அவரும் சேர்ந்து செபிக்கும்படி, எங்களைக் கூப்பிடுங்கள். நோய் கடுமையானால் மறுபடியும் பெறலாம்.

தம் இல்லத்துக்கான அடிப்படையைச் சாண்டர்ஸ் கெத்சமனித் தோட்டத்தில் கண்டார். சீடர்களிடம் ஆண்டவர் கேட்டது தம்மோடு விழித்திருக்க வேண்டும் என்பதுதான். அவர்களால் அந்தத் துன்பத்தை நீக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார். சாண்டர்ஸ் 2005 ஜூலையில், தாம் கட்டிய அதே இல்லத்தில், புற்றுநோயால் இறந்தார்.

நேயர்களே, இந்நேரம் உள்ளறையில் படுத்திருக்கும் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். அவருடைய பெயரைச் சொல்லி, அவருக்காக ஓர் அருள் நிறைந்த மரியே செபிப்போம்.