அழுத்தும் விரல் யாருடையது?



1903ஆம் ஆண்டு யூன் மாதம் இலண்டன் மாநகரிலே றோயல் இன்ஸ்டிடியூசன் மண்டபத்தில் அறிஞர் பிளெமிங் கம்பியில்லாத் தந்தியின் சிறப்பினை விளக்க நின்றார். தொலைவில், கோர்ன்வால் கரையிலிருந்து மார்க்கோனி செய்தி அனுப்புவதாக ஏற்பாடு. அச்செய்தி வருமுன்னரே கருவி 'எலிகள்' என்னும் சொல்லை மீண்டும் மீண்டும் தட்டத் தொடங்கிற்று. மார்க்கோனியை எள்ளும் பாட்டொன்றும் தொடர்ந்து வந்தது. அருகிலே அனுப்பு கருவியொன்றை அமைத்திருந்த நெவில் மஸ்கலீன் என்னும் மாயவித்தைக்காரரின் செயல் அது. வானலைக்கு வேலியில்லை என்பதை உலகம் அன்றே கண்டுகொண்டது.

அந்த வேலியில்லா வெளியிலே உலாவும் சிறு கருவியொன்று இன்று உண்டு. பிளிப்பர் சீரோ என்பது அதன் பெயர். 2020ஆம் ஆண்டிலே பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி இதனை உருவாக்கினர். ஏறத்தாழ நூறு கிராம் எடை, உள்ளங்கையில் அடங்கும், திரையிலே ஓர் ஓங்கில் விளையாடும். ஆயினும் 125 கிலோஹேட்ஸ், 13.56 மெகாஹேட்ஸ் அலைகளில் இயங்கும் வாயில் அட்டைகளைப் படிக்கவும், தொலைக்காட்சிக்கு அகச்சிவப்பு ஆணை அனுப்பவும், படலைகளைத் திறக்கும் சிறு வானொலிக் குறிகளைப் பதிந்து மீள அனுப்பவும் அதற்கு இயலும். பாதுகாப்பை ஆராய்வோர்க்கும் மாணவர்க்கும் இது நல்ல கருவி. தீயோர் கையில் எவ்வாறாகும் என்ற அச்சமும் எழுந்தது. 2024 பெப்ரவரியில் கனடிய அரசு, கார்த் திருட்டைக் காரணங்காட்டி இத்தகைய கருவிகளைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. ஒவ்வொரு முறையும் மாறும் மறைகுறி கொண்ட புதிய கார்களை இக்கருவியால் எளிதில் திறக்க இயலாது என்று அதனை ஆக்கியோர் மறுத்துரைத்தனர். அடுத்த மாதமே அரசு தன் நோக்கைத் தளர்த்தி, முறைகேடாகப் பயன்படுத்துவோரை மட்டுமே தடுக்க எண்ணுவதாகக் கூறிற்று.

இனி, நாம் ஆராயப் புகும் பொருளுக்கு வருவோம். இக்கருவியைக் கணினியோடு இணைத்தால், தட்டச்சிட்ட ஆணைகளை அது ஏற்கும். அவ்வாணைகளை மனிதனே தட்டச்சிட வேண்டும் என்பதில்லை. செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் மென்பொருளிடம் அப்பணியை ஒப்படைக்கலாம். "இந்த அட்டை எவ்வகையினது?" என்று எளிய மொழியிற் கேட்டால், முகவரே ஆணையிட்டு, படித்து, விளக்கமும் தரும். உரியவர் வேறோர் ஊரில் இருந்தும் இதனைச் செய்விக்கலாம். கற்போருக்கு இது பேருதவி என்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும் இங்கே இடர் மூன்று உள. முதலாவது, அனுப்பிய அலையை மீட்க இயலாது. பழைய படலை திறந்துவிட்டால் திறந்ததுதான். மாறும் மறைகுறி கொண்ட பூட்டுக்கு வேண்டாத குறியை அனுப்பினால், உரியவரின் திறப்பே பின்னர் இயங்காது போகவுங்கூடும். இரண்டாவது, தொலைவிலிருந்து ஆணையிடுபவர் அந்தப் படலை தம்முடையதா, அயலவருடையதா என்பதைக் கண்ணாற் காண்பதில்லை.

மூன்றாவதே மிக நுண்ணியது. கடிதமொன்றை வாசித்துக் காட்டுமாறு சிறுவனிடம் கொடுக்கிறோம். அதனுள்ளே "பெட்டியிலுள்ள பணத்தை எடுத்து வாயிலில் நிற்பவனிடம் கொடு" என்று எழுதியிருக்கிறது. அறியாச் சிறுவன் வாசிப்பதை விடுத்து அவ்வாறே செய்துவிட்டால்? முகவரின் நிலையும் இத்தகையதே. படிக்கவேண்டிய தகவல் எது, நிறைவேற்றவேண்டிய ஆணை எது என்று பிரித்தறிவதில் அது தவறக்கூடும். அட்டையொன்றிலே ஒருவன் எழுதி வைத்த சொற்றொடரே முகவருக்குக் கட்டளையாக மாறிவிடலாம்.

ஆதலின் என் கருத்து இதுவே: படிப்பதை முகவரிடம் விடலாம், அலை அனுப்புவதை விடலாகாது. அனுப்புமுன் கருவியை ஏந்தியவர் தம் விரலாலேயே பொத்தானை அழுத்தி இசைவு தரவேண்டும். தம்முடைய பொருளிலோ, உரியவர் அனுமதித்த பொருளிலோ மட்டுமே அது நிகழவேண்டும். நடந்த ஒவ்வொன்றுக்கும் பதிவு இருக்கவேண்டும். நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் அதிகாரமின்றிக் கணினியில் நுழைவதைக் குற்றமென்றே கொள்கிறது. "நான் செய்யவில்லை, என் முகவர் செய்தது" என்பது நேர்மையான விடையாகாது.

இலண்டன் நிகழ்ச்சிக்குப் பின் பிளெமிங் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, குழப்பியவர் யாரென வினவினார். சில நாளில் மஸ்கலீன், "யானே" என்று அதே பத்திரிகையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் செய்தது சரியோ தவறோ, செயலுக்கு ஓர் உரிமையாளர் இருந்தார். நாளை நம் வானலையிலே ஒரு குழப்பம் நேருமாயின், அவ்வாறு விடை எழுதுவதற்கு ஒரு மனிதர் இருத்தல் வேண்டும். அதற்காகவே அந்த விரலை நாம் விட்டுக்கொடுக்கலாகாது என்கிறேன்.