ஏற்றுமதி பெருகிற்று, கூலி?



நாட்டின் வருமானம் பெருகினால் உழைப்போர் வாழ்வு தானாகவே உயரும் என்பர் சிலர். அக்கூற்றை வங்கதேசத்தில் வைத்து உரைத்துப் பார்ப்போம்.

கமத்தில் வேலைக்கு மிஞ்சிய கைகள் இருக்கும்வரை ஆலை முதலாளி சொற்பக் கூலிக்கே ஆட்களைப் பெறுவான். அவை குறைந்த பின்னரே கூலி ஏறும் என்று 1954இல் எழுதினார் ஆதர் லூயிஸ் என்னும் பொருளியலறிஞர். இரண்டு பரப்புத் தோட்டத்தில் நான்கு பேர் மண்வெட்டி பிடிக்கும் வீட்டைக் கண்ட எமக்கு இது புதிதன்று.

வங்கதேசத்தின் ஆடைத் தொழில் ஏறக்குறைய 40 இலட்சம் பேருக்கு வேலை தருகின்றது, பெரும்பாலோர் பெண்கள். ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு 80க்கு மேல் அதனாலேயே வருவது. விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையன்று. தகப்பன் கையை எதிர்பார்த்திருந்த கிராமத்துப் பெண் தன் பெயரிற் சம்பளம் வாங்கினாள். ஆலைகளை அண்டிய ஊர்களிற் பெண்பிள்ளைகளின் படிப்பு நீண்டது, மணவயதும் தள்ளிற்று.

ஆயினும் 2013 ஏப்ரல் 24 அன்று நிகழ்ந்தது என்ன? டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தது. அதே கட்டடத்திலிருந்த வங்கி தன் ஊழியரை விலக்கிக்கொண்டது. தையல் வேலையாளரோ மறுநாள் உள்ளே அழைக்கப்பட்டனர்; மறுத்தாற் சம்பளம் போய்விடுமென்ற அச்சம் அவர்களுக்கு. ஒரே கட்டடம், ஒரே வெடிப்பு! "வரமாட்டோம்" என்று சேர்ந்து சொல்ல அவ்வாலைகளிலே தொழிற்சங்கம் இருக்கவில்லை.

அன்று குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டக்கா. உலகின் பார்வை பட்ட பின்னர், அவ்வாண்டின் இறுதியில், அது 5,300 ஆயிற்று. 2018இல் 8,000. 2023இல் தெருப் போராட்டத்தில் உயிர்கள் போன பிறகு 12,500. தொழிலாளர் கேட்டதோ 23,000. மிஞ்சிய கைகள் குறையட்டும் என்று அவர்கள் வாளாவிருந்தனரில்லை.

2013 மே மாதத்தில் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமொன்றைச் செய்தன. அதன்படி பொறியியலாளர் ஆலை ஆலையாகச் சென்று தூணையும் மின்கம்பியையும் பார்த்தனர். இத்தனை உயிர்கள் போன பின்புதான்!

போர் முடிந்த 2009க்குப் பின் எமது கிளிநொச்சியிலும் ஆடை ஆலைகள் எழுந்துள்ளன. எம் பெண்பிள்ளைகளும் அங்கே செல்கின்றனர். கமக்காரப் பெற்றோர் பிள்ளையின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்க்கட்டும். சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்கென ஒதுக்கட்டும். முன்வருவோர் கூட்டம் கலையுமுன் பெயர் தருமாறு வேண்டுகின்றோம்.