திருப்பிக் கொடுக்க வேண்டிய குட்டி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

வெளிநாடு போய் வந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் ஒரு நாய்க்குட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

போன வருஷம் நானும் என் மனைவியும் இங்கிலாந்தில் மகள் வீட்டில் சில மாதம் இருந்தோம். அங்கே ஒரு லாப்ரடார் குட்டி. ஆனால் அது மகளுடையது அல்ல. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் கொடுக்கும் அமைப்புடையது. அந்த நாட்டில் 1931-லேயே முதல் நான்கு நாய்களைப் பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள். குட்டி சுமார் எட்டு வார வயதில் தன்னார்வலர் வீட்டுக்கு வரும். ஒரு வயது தாண்டியதும் பயிற்சிக்குத் திரும்பிப் போய்விடும். தீனி, வைத்தியச் செலவு அமைப்புடையது. இடமும் நேரமும் பாசமும் நம்முடையது.

வங்கியில் 'சேஃப் கஸ்டடி' என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளர் சீல் வைத்துக் கொடுக்கும் கவரைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்கும்போது அப்படியே கொடுக்க வேண்டும். இந்தக் குட்டியும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், வாங்கியதைவிட நல்லதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மகள் அதை பஸ், ரயில், கடைத்தெரு என்று தினமும் கூட்டிப் போவாள். சத்தம், கூட்டம், மாடிப்படி எதற்கும் அது பயப்படக் கூடாது. 'பிஸி, பிஸி' என்று சொன்னால்தான் ஒன்றுக்குப் போகும்! ஒருநாள் யாருக்கும் தெரியாமல் மேஜையடியில் அதற்குப் பாதி தோசை கொடுத்தேன். மகள் பார்த்துவிட்டாள். "அப்பா, நாளைக்கு இது ஒருத்தரை ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போகும். பக்கத்து மேஜை சாப்பாட்டுக்கு இழுத்தா அவர் கீழ விழுந்துடுவார்" என்றாள். அதற்குப் பிறகு நான் கொடுக்கவில்லை.

திருப்பி அனுப்பிய அன்று என் மனைவி சமைக்கவே இல்லை. மகள் மட்டும் அழாமல் அதன் தட்டைக் கழுவி வைத்தாள்.

ஊர் திரும்பியதும் இதை ஒருவரிடம் சொன்னேன். உங்களுக்கும் அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நமக்கு இறால், நண்டு கொண்டு வரும் அம்மாவின் கணவர். நான் திருப்பாலைவனத்தில் வேலை பார்த்தபோது என் கவுன்டருக்கு வந்து கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்தவர். இப்போது இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. நம் நாட்டில் வழிகாட்டி நாய் மிக அரிது என்பதால் வருத்தத்தோடுதான் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நாயெல்லாம் எதுக்கு சார்? நேத்து வழியா இருந்த எடம் இன்னிக்கும் வழியா இருந்தா போதும்."

அப்போதுதான் அவர் முழங்காலைப் பார்த்தேன். நம் சாய்வுப் பாதையில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் இடித்துக்கொண்டது. அந்த ஸ்கூட்டர் என்னுடையது.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடி வகுத்துக்கொள்வார்கள். முறை முடிந்தால் இடத்தை அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். குட்டி வளர்ப்பதும் ஒரு பாடுதான். நம் முறைக்கு வந்ததை ஒழுங்காகப் பார்த்து அடுத்த கைக்குக் கொடுக்கிறோம். பொது வழியும் அப்படித்தானே?

நாம் குட்டி வளர்க்க வேண்டாம். சாய்வுப் பாதையிலும் படிக்கட்டு முகப்பிலும் வண்டி, செருப்பு ஸ்டாண்டு, பூந்தொட்டி வைக்காமல் இருந்தால் போதும். நாளை நம்மில் யாருக்குக் கண் மங்கும் என்று யார் சொல்ல முடியும்? எனக்கே ஒரு கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது.

என் ஸ்கூட்டரை நேற்றே பின்பக்கம் மாற்றிவிட்டேன். பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.