நையாண்டி மேளமும் நகைச்சுவைப் படமும்



கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து, தேம்பாவணி என்னும் பெருங்காப்பியம் இயற்றிய வீரமாமுனிவரே பரமார்த்த குருவின் கதை என்னும் ஹாஸ்ய நூலையும் எழுதினார் என்று எண்ணும்போதெல்லாம், பக்தியும் பரிகாசமும் ஒரே நெஞ்சில் பகையின்றிக் குடியிருக்கும் என்பது எனக்குத் தெளிவாகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலுள்ள நம் கிராமத்துத் திருவிழாக்களும் அதையே காட்டுகின்றன. அம்மன் சந்நிதிக்கு எதிரே, நாகஸ்வரமும் தவிலும் பம்பையும் தமுக்கும் கூடிய நையாண்டி மேளத்துக்குக் கரகம் ஆடுகிற அதே களத்தில், பபூன் வந்து ஊராரைச் சிரிக்க வைப்பதை யாரும் தெய்வக் குற்றமாகக் கருதியதில்லை.

அந்தப் பபூனையும் தவில்காரரையும் சற்று உற்று நோக்குங்கள். பபூன் ஒரு கேள்வியை வீசிவிட்டு நிற்பார். தவில்காரர் உடனே அடித்துவிடமாட்டார். கூட்டத்தின் முகத்தை ஒரு கணம் பார்த்து, சிரிப்பு கிளம்பப்போகிற தருணத்தில் வலந்தலையில் ஒரு வீச்சு வைப்பார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அந்த ஒரு கணத்து மௌனத்தை அளந்து பிடிக்கும் சாமர்த்தியத்தை எந்தச் சங்கீத பாடசாலையிலும் கற்க முடியாது. விடிய விடிய ஜனங்களின் நடுவே வாசித்தவர்களுக்கே அது கைவரும்.

திரைப்படம் இந்தக் கலையை வெகுகாலமாக அறிந்தே இருக்கிறது. 1949இல் ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நகைச்சுவையும் பாட்டும் கலந்த கிந்தனார் காலட்சேபம் செய்தார். 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்துக்கு இசையமைத்த இளையராஜாவோ, தமையனார் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகச் சென்று பாடி வளர்ந்தவர். ஆயினும் பிற்காலத்தில் கிராமியப் பாடகரிடம் குரலை மட்டும் பெற்றுக்கொண்டு, மெட்டையும் தாளத்தையும் வேறொருவர் வகுப்பதே பெரும்பாலும் வழக்கமாயிற்று. தஞ்சையை அடுத்த ரெட்டிப்பாளையத்துக்காரரும், தாமே பாட்டுக் கட்டிப் பாடுபவருமான அந்தோணிதாசனுக்கும் நேர்ந்தது அதுவே. 2014இல் ‘ஜிகர்தண்டா’விலும், 2018இல் ‘தானா சேர்ந்த கூட்டம்’ படத்தின் ‘சொடக்கு’ பாட்டிலும் அவர் குரலைத் தமிழகம் கொண்டாடியது, மெட்டுகள் பிறருடையவை.

ஆகவேதான், ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ முதலிய மூன்று படங்களுக்கு டி.இமானின் இசையைப் பெற்ற இயக்குநர் பொன்ராம், தம் நான்காம் படமான ‘எம்.ஜி.ஆர். மகன்’ என்னும் நகைச்சுவைப் படத்துக்கு அந்தோணிதாசனையே இசையமைப்பாளராக்கியதை நான் பெரிய விசேஷமாக மதிக்கிறேன். சத்யராஜும் சசிகுமாரும் தந்தையும் மகனுமாக நடித்த அப்படத்தில், மேளத்தை எங்கே எழுப்புவது, எங்கே அடக்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் களத்தில் பாடி வந்த ஒருவருக்குக் கிடைத்தது. கிராமத்து வாத்தியம் அலங்காரமாக வந்து போவதற்கும், அந்த வாத்தியத்தோடு வளர்ந்தவரே படம் முழுவதற்கும் இசையை வகுப்பதற்கும் உள்ள வேற்றுமை சாமானியமானதன்று.

ஒரு குறை எனக்கு உண்டு. 2021 நவம்பர் 4ஆம் தேதி, தீபாவளியன்று, அப்படம் திரையரங்குக்கு வராமல் இணையவழியே வீடுகளுக்கு வந்தது. பலர் கூடி விசிலடித்துக் கேட்கவேண்டிய இசை, தனித்தனிக் கூடங்களில் ஒலித்து ஓய்ந்தது. பெருங்கூட்டத்தின் நடுவே வளர்ந்த கலைக்கு இது சிறு நஷ்டமன்று.

ஆனால் சினிமா மெட்டுகளை நாகஸ்வரத்தில் எடுத்து வாசிப்பது நம் நையாண்டி மேளக் குழுக்களின் நெடுநாள் வழக்கம். கொள்ளிடத்தின் தென்கரைக்காரரான அந்தோணிதாசன் போட்ட மெட்டுகளை வடகரையிலுள்ள நம் குழுக்கள் வாசித்துப் பார்க்கட்டும். எவை களத்தில் நிற்கின்றன என்பதை இங்குள்ள ஜனங்களே சொல்லிவிடுவார்கள். இனி நகைச்சுவைப் படம் எடுக்க முனைவோரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம்: பாட்டெல்லாம் முடிந்தபின் ஒலிப்பதிவுக்கு மட்டும் மேளக்காரரைக் கூப்பிடாமல், மெட்டமைக்க உட்காரும் முதல் நாளிலேயே அவரையும் அழைத்து, அவர் அபிப்பிராயத்தைக் கேளுங்கள், அதற்குரிய ஊதியத்தையும் கொடுங்கள்.