நன்றாகச் சாப்பிடும் பூனை ஏன் இளைக்கிறது?



"நன்றாகச் சாப்பிடுகிறது, அப்புறம் என்ன கவலை?" உடல்நலத்தை அளக்க நம் வீடுகளில் வழிவழியாக வைத்திருக்கும் அளவுகோல் இது. தட்டு காலியானால் கவலை தீர்ந்தது. வீட்டில் வளரும் பூனைக்கும் இதையே வைக்கிறோம். ஆனால் வயதான பூனையிடம் இந்த அளவுகோல் பொய் சொல்லக்கூடும். வயிறு நிறையச் சாப்பிட்டபடியே அது இளைத்துப்போனால், அங்கே ஒரு நோய் வேலை செய்கிறது என்று பொருள்.

அங் மோ கியோவில் ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் பணி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் திருமணமாகித் தனி வீடு சென்றுவிட்டார்கள். துணைக்கு ஒரு பூனை. 13 வயதாகியும் அதன் பெயர் குட்டிதான். வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989ஆம் ஆண்டு முதல் தடை இருந்ததால், குட்டி பெரும்பாலும் படுக்கையறையிலேயே வளர்ந்தது. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் அல்லவா? 2024 செப்டம்பர் 1ஆம் தேதி தடை நீங்கியது. உரிமம் எடுத்து, மைக்ரோசிப் பொருத்தி, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றானது.

மைக்ரோசிப் பொருத்தக் கொண்டுபோன இடத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் 5 கிலோ இருந்த குட்டி, இப்போது 3 கிலோ 200 கிராம்.

"முன்பைவிட இரண்டு பங்கு சாப்பிடுகிறதே டாக்டர்! ராத்திரியில்கூட எழுப்பிக் கேட்கிறது" என்றார் அந்த அம்மா. மருத்துவர் குட்டியின் கழுத்தை மெல்லத் தடவிப் பார்த்தார். சிறு கட்டி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. இரத்தப் பரிசோதனை அதை உறுதிசெய்தது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது.

"பூனைக்குமா தைராய்டு?" என்று பலரும் வியப்பார்கள். 1979இல் நியூயார்க் மருத்துவர்கள் இந்நோயை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். இன்று வயதான பூனைகளுக்கு மிக அதிகமாக வரும் சுரப்பி நோய் இதுவே. பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல் தலைகாட்டும். கட்டி என்றதும் புற்றுநோயோ என்று அஞ்ச வேண்டாம். நூற்றில் இரண்டு மூன்றுதான் அப்படி இருக்கும்.

தைராய்டு, உடல் என்னும் அடுப்பின் தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகு போன்றது. அது முழுவதும் திறந்துகொண்டால் எவ்வளவு உணவும் எரிந்து தீரும். அதனால்தான் பசியும் இளைப்பும் சேர்ந்தே வருகின்றன. கூடவே வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிக தாகம், கலைந்த ரோமம், இரவில் உரத்த கத்தல், ஓரிடத்தில் இருக்க முடியாத பரபரப்பு ஆகியவையும் வரலாம். இதயம் ஓய்வின்றி வேகமாக அடித்துத் தளர்ந்துபோகும். இரத்த அழுத்தம் ஏறித் திடீரென்று பார்வை போவதும் உண்டு. "கிழமானாலும் குட்டிபோலத் துள்ளுகிறது" என்று வீட்டார் மகிழ்வது, பல நேரம் இந்த நோயைக் கண்டுதான்.

சிகிச்சை நான்கு வகைப்படும். முதலாவது, மெத்திமசோல் அல்லது கார்பிமசோல் மாத்திரை. இது சுரப்பைக் கட்டுப்படுத்தும், நோயை வேரறுக்காது. எனவே வாழ்நாள் முழுவதும் தர வேண்டும். இரண்டாவது, அறுவை சிகிச்சை. மூன்றாவது, கதிரியக்க அயோடின். ஒரே ஓர் ஊசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பூனைகள் குணமாகின்றன. ஆனால் செலவு அதிகம். சில நாள் தனிமையில் வைக்க வேண்டும். எல்லா மருத்துவமனைகளிலும் இந்த வசதி இருக்காது. நான்காவது, அயோடின் மிகக் குறைந்த தனி உணவு. இதைத் தேர்ந்தெடுத்தால் வேறு எதையும் தரக்கூடாது. பாசத்தோடு போடும் நான்கு நெத்திலிகூடச் சிகிச்சையைக் கெடுத்துவிடும்.

தம்பதி தேர்ந்தெடுத்தது மாத்திரையை. குட்டி முதல் இரண்டு நாள் துப்பியது. மூன்றாம் நாள் நகத்தைக் காட்டியது. "ஏங்க, இந்த வயதில் அதைப் போய் வதைக்க வேண்டுமா? இருக்கிறவரை இருக்கட்டுமே" என்று அந்த அம்மா கலங்கினார்.

இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். கைவிட வேண்டியதில்லை. மாத்திரையைச் சிறிது மென்மையான உணவுக்குள் பொதிந்து, பசி நேரத்தில் முதல் கவளமாகத் தரலாம். அதுவும் முடியாவிட்டால், இதே மருந்தைக் காது மடலின் உட்புறத்தில் தடவும் களிம்பாகத் தயாரித்துத் தருவார்கள். கையுறை அணிந்து தடவ வேண்டும். மாத்திரையை வெறும் கையால் உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. கர்ப்பிணிகள் இம்மருந்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. வீட்டில் பெரியவர்களுக்கும் தைராய்டு மாத்திரை இருந்தால் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். மனிதரின் மருந்தை அளவு பார்த்துக் கொடுக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். மருந்து தொடங்கிய பிறகு பூனை முகத்தைப் பிறாண்டிக்கொண்டாலோ, வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

குட்டிக்குக் காதில் தடவும் மருந்து ஒத்துக்கொண்டது. எடை கூடியது. இரவில் கத்துவது நின்றது. ஆனால் நான்காவது வாரப் பரிசோதனையில் சிறுநீரகக் கோளாறு தெரிந்தது. "மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது, நிறுத்திவிடலாம்" என்றார் கணவர்.

உண்மை வேறு. தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் வேகமாகப் பாயும். பழுதடைந்த சிறுநீரகம்கூட நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றும். மருந்தால் அந்த வேகம் தணிந்ததும், மறைந்திருந்த பழுது வெளியே தெரிகிறது. மருத்துவர் மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்தார். சிறுநீரகத்துக்கு ஏற்ற உணவைச் சொன்னார். இரண்டு நோய்களுக்கும் நடுவே ஒரு சமநிலையைப் பிடிப்பதுதான் இனி வேலை. அதற்குத்தான் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒரு முறையும், பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை.

நேயர்களே, குட்டி இனி இருபது வயது வரை வாழும் என்று எந்த மருத்துவரும் உறுதி தரமாட்டார். அந்தத் தம்பதியும் அதைக் கேட்கவில்லை. எத்தனை நாள் இருந்தாலும் அடங்காப் பசியும் படபடக்கும் நெஞ்சும் இல்லாமல் அது இருக்க வேண்டும். அவர்கள் விரும்புவது அவ்வளவே.

முதுமை ஒரு நோயல்ல. ஆனால் முதுமை என்ற பெயரில் நோயை ஒளித்துவைக்கிறோம். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரு சொல்லால் பூனையின் வலி மட்டுமா மறைகிறது? வீட்டுப் பெரியவர்களின் வலியும் அதே சொல்லுக்குள்தான் புதைகிறது.

உங்கள் வீட்டுப் பூனைக்கு எட்டு, ஒன்பது வயது ஆகிவிட்டதா? அதைத் தூக்கிக்கொண்டு எடைத் தராசில் ஏறுங்கள். பிறகு இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் எடை. மாதம் ஒரு முறை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். அந்த எண் இறங்கத் தொடங்கினால், தட்டு காலியாக இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்.