வில்லும் வில் செய்தவர் பெயரும்



படைப்பைக் கொண்டு படைத்தவரை அறிவது எங்ஙனம் என்பதே இவ்வுரையின் பொருள். அதற்கு ஒரு வில்லைச் சான்றாகக் கொள்கின்றேன்.

பழம்பொருள் கடையொன்றில் பழைய வில் கிடைக்கின்றது எனக் கொள்வோம். இரு நுனிகளும் எய்பவர்க்கு எதிர்ப்புறமாக வளைந்த ‘ரிகர்வ்’ வகை வில் அது. முத்திரை தேய்ந்துவிட்டது. செய்தவர் யார்? விற்பவர் கூறும் கதையை ஒதுக்கிவிட்டு வில்லையே வாசித்தல் வேண்டும். மரத்தின் மேல் கண்ணாடியிழைத் தகடு ஒட்டியிருப்பின், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட வேலைப்பாடு. அதில் காணும் எண்களுள் ஒன்று அங்குலக் கணக்கில் வில்லின் நீளம். மற்றொன்று 28 அங்குலம் இழுக்கும்போது வேண்டப்படும் விசை, பவுண்டுக் கணக்கில். ஊர்ப்பெயர் எஞ்சியிருப்பின் இன்னும் நன்று. அமெரிக்கரான ஃபிரெட் பேர் 1933இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய வில் தொழில், 1947இல் கிரேலிங்குக்கும் 1978இல் கெயின்ஸ்வில்லுக்கும் இடம்பெயர்ந்தது. ஆகவே, ‘கிரேலிங்’ என்னும் ஒரு சொல்லே அவ்வில்லின் காலத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் நிறுத்திவிடுகின்றது. கல்வெட்டாய்வாளர் கையாளும் நெறியும் இதுவே அன்றோ?

நம் சொற்களும் இவ்வாறே செய்முறையைக் காட்டுகின்றன. கொடுமரம் என்பது வளைந்த மரம்; வரிசிலை என்பதற்கு வரிந்து கட்டப்பட்ட வில் என்பது பொருள்; சார்ங்கம் என்னும் வடசொல் கொம்பினால் ஆகியதைக் குறிக்கும். பொருளின் பெயர் இருக்கின்றது. செய்தவர் பெயர் இல்லை. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை அறிவோம். அவனைப் பாடிய வன்பரணரை அறிவோம். அந்த வல்வில்லை வளைத்துக் கொடுத்த கைவினைஞனை அறியோம். உதுமானியத் துருக்கியிலோ வில் செய்தோர் தம் பெயரையும் ஆண்டையும் வில்லிலேயே எழுதிவைத்தனர்.

பெயரிழந்தோர் புலவருள்ளும் உளர். சங்கப் பாடல்களுள் 102 பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்பர். குறுந்தொகை 370ஆம் பாடலைப் பாடியவர், அப்பாடலில் அமைந்த வில் உவமையால் ‘வில்லக விரலினார்’ என்றே வழங்கப்படுகின்றார். ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. பெயர் அறியாவிடத்துக் கபிலர் என்றோ பரணர் என்றோ புகழ்பெற்ற பெயரை ஏற்றிவிடவில்லை நம் முன்னோர். பாடலுக்குள்ளிருந்தே ஒரு பெயரை எடுத்தளித்தனர். பழைய வில்லை ஆராய்வோர்க்கும் பழைய ஏட்டை ஆராய்வோர்க்கும் அந்நேர்மையே முதற்கருவி.

அன்பர்களே! மண்ணூரைச் சூழ்ந்த தொழிற்சாலைகளிலிருந்து நாள்தோறும் வண்டிகளும் கருவிகளும் வெளிச்செல்கின்றன. அவற்றில் நிறுவனத்தின் பெயர் உண்டு, வரிசை எண் உண்டு. முடுக்கிய கையின் பெயர் இல்லை. அக்கைகளுக்குரியோர் மாலையில் எழுதும் கவிதையேனும் பெயரோடு நிற்றல் வேண்டும். நம் அரங்கில் வாசிக்கும் தாளின் அடியில் பெயர், ஊர், நாள் மூன்றையும் எழுதுங்கள். வட்டம் அதன் படியொன்றைப் பேணிக் காக்கட்டும். யார் எழுதியது என்று தெரியாத கவிதை கிடைப்பின், பெயருக்குரிய இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள். நமக்கு வேண்டியவர் பெயரால் அதனை நிரப்பாதீர்கள். உரியவர் என்றேனும் அறியப்படும் வழியை அவ்வெற்றிடமே திறந்துவைக்கும்.