தனிமனித சுதந்திரமும் அரசின் அதிகாரமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



எனக்குத் தரப்பட்ட பொருள் மிகப் பெரியது. அரசனுக்கும் குடிமகனுக்கும் இடையே நடந்த வழக்கு மனித குலத்தின் சரித்திரம் முழுவதும் பரந்து கிடக்கிறது. அதை எல்லாம் ஒரு மாலைப்பொழுதில் சொல்லி முடிக்க இயலாது. ஆதலின் ஒரு கேள்வியை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். அதிகாரம் ஒருவன்மேல் கைவைக்கும்போது, "எந்தச் சட்டத்தின்படி? என்ன விசாரணையின்பின்?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறானா என்பதே அக்கேள்வி. கேட்க ஆள் உள்ள நாட்டில் சுதந்திரம் உண்டு. இல்லாத நாட்டில் எத்தனை கொடி பறந்தும் பயனில்லை.

அரசே இல்லாவிட்டால் சுதந்திரம் பெருகும் என்று எண்ணுவாரும் உளர். அரசில்லாத ஊரில் வலியவன் ஒருவனுக்கே சுதந்திரம். எளியவனுக்கு அவன் வீட்டுத் திண்ணைகூடச் சொந்தமில்லை. அரசு வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வரம்பும் வேண்டும். திருவள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதை அடுத்தே கொடுங்கோன்மையையும் வெருவந்த செய்யாமையையும் வைத்தார். செங்கோல் வளைவதற்கு அதிக தூரம் போகவேண்டியதில்லை என்பதை அந்த வரிசையே காட்டுகிறது.

சிலப்பதிகாரக் கதையை அறியாதார் இச்சபையில் இரார். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் நெடுஞ்செழியன், கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேளாமலே கொலைத்தண்டம் விதித்தான். அவன் கொடியவன் அல்லன். தவறு தெரிந்ததும் உயிரையே விட்ட மானமுள்ள மன்னன். அத்தகைய நல்லவன் கையிலும், விசாரணையற்ற அதிகாரம் ஒரு நிரபராதியைப் பலிகொண்டது. கண்ணகி சிலம்பை உடைத்தபோது முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தது. அந்தச் சாட்சியத்தைத் தண்டனைக்கு முன்னே கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது. வற்றாப்பளையிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் நம்மவர் அவளை அம்மனாகத் தொழுகின்றனர். தொழுகின்ற நாம் அவள் கேட்ட கேள்வியை மறக்கலாகாது.

மேல்நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. 1215ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜோன் மன்னனிடம் பிரபுக்கள் ஒரு பட்டயத்தைப் பெற்றனர். நாட்டுச் சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்படுத்தலாகாது என்பது அதில் ஒரு விதி. அக்காலத்துப் பண்ணையாட்களுக்கு அவ்விதி பயன்படவில்லை. அவர்கள் "சுதந்திர மனிதர்" என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. ஆனால் ஒருமுறை எழுதப்பட்ட உரிமை மெல்ல மெல்லப் பிறருக்கும் பரவியது. 1679இல் ஆட்கொணர்வுச் சட்டம் வந்தது. காவலில் வைத்தவன், வைக்கப்பட்டவனை நீதிபதியின்முன் கொண்டுவந்து நிறுத்தி, இன்ன சட்டப்படி வைத்திருக்கிறேன் என்று காரணம் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் அவனை விட்டுவிட வேண்டும். இந்த எளிய ஏற்பாடே தனிமனிதனுக்கு வாய்த்த மிகப் பெரிய கவசம்.

இக்கவசம் இலங்கையில் ஒருகால் எவ்வாறு பயன்பட்டது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். பிரேஸ்கேர்டில் என்னும் ஆங்கில இளைஞர் ஒருவர் தேயிலைத் தோட்டத் தொழில் பழக 1936இல் இங்கு வந்தார். மடுல்கலையில் ஒரு தோட்டத்தில் இருந்தார். வெள்ளைக்காரத் துரையாக வாழவேண்டியவர், தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு அவர்கள் பக்கம் பேசத் தொடங்கினார். வேலை போயிற்று. சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆந் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். துரைமார் கொதித்தெழுந்தனர். தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். ஏப்ரல் 22இல் உத்தரவு கையில் கிடைத்தது. 24ஆந் திகதி மாலை 6 மணிக்குள் கப்பலேற வேண்டும். விசாரணை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை.

பிரேஸ்கேர்டில் கப்பலேறவில்லை. தலைமறைவானார். மே 5ஆந் திகதி அரசாங்க சபை தேசாதிபதியின் செயலை 34க்கு 7 என்ற வாக்குகளாற் கண்டித்தது. பின்னர் அவர் கைதானார். ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. நியாயவாதி எச். வி. பெரேரா வாதாடினார். தேசாதிபதி ஆதாரமாகக் காட்டியது 1896ஆம் ஆண்டின் ஓர் ஆணை. அது யுத்தம் போன்ற ஆபத்துக் காலத்துக்கென ஏற்பட்டது. நாடு அமைதியாயிருக்கும்போது, ஒருவன் பேசிய பேச்சுப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை எடுத்து வீச முடியாது என்று, பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் மே 18இல் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. முடியரசின் பிரதிநிதியை, அந்த முடியரசின் நீதிமன்றமே தடுத்து நிறுத்தியது. அந்த வெள்ளையருக்காக நின்றவர்களில் மிகப் பலர் இலங்கையர் என்பதையும் கவனியுங்கள்.

நிற்க. நாடு 1948இல் சுதந்திரம் பெற்றது. சுதந்திர நாட்டில் இக்கேள்வி எளிதாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. அவ்வாண்டே வந்த குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு அவர்கள் வாக்குரிமையும் போயிற்று. தந்தை செல்வநாயகம் முதலியோர் எச்சரித்தனர். யாழ்ப்பாணத்தில், அது தோட்டத்தார் விஷயம் என்று வாளாவிருந்தவர்களும் இருந்தனர். எட்டே ஆண்டுகளில், 1956இல், தனிச்சிங்களச் சட்டம் நம் வாசலுக்கே வந்தது.

அப்போது ஓர் அரசாங்க இலிகிதர் அக்கேள்வியைக் கேட்டார். அவர் பெயர் கோடீஸ்வரன்; கேகாலைக் கச்சேரியில் உத்தியோகம். சிங்களப் பரீட்சையிற் சித்தியடையாதவருக்குச் சம்பள உயர்ச்சி இல்லை என்று 1961இல் திறைசேரிச் சுற்றுநிருபம் வந்தது. அவர் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 ஏப்ரலில் அவருக்கு உரிய உயர்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் வழக்காடினார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தாருக்கு மாத்திரம் பாதகம் விளைக்கும் சட்டத்தைத் தடுத்தது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிறெற்சர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்கிட முடியாது என்று அதை மாற்றியது. 1969 டிசம்பரில் லண்டன் கோமறைக் கழகம் வழக்கிட முடியும் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெருங் கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு விடை வரவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972இன் புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. வினவியவர் தோற்றார் என்று தீர்ப்பு எழுதப்படவில்லை; வினா நின்ற இடமே அகற்றப்பட்டது. உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஏட்டையும் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

இளைஞர்களே! இதுகாறும் நான் சொன்னதைக் கேட்டு, குற்றமெல்லாம் கொழும்பிலேதான் என்று எண்ணி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அதிகாரம் ஊரிலும் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையைப் புரட்டிப் பாருங்கள். நம் முன்னோர் அடிமைகளை வைத்திருந்த வழக்கம் அதிற் பதிவாகியிருக்கிறது. 1844இல் அடிமைத்தனத்தை ஒழித்தது அரசின் சட்டமே. ஊர் அதைத் தானாக விடவில்லை. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957இல் வந்தது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆண்டவனைத் தரிசிக்கச் சென்றவர்கள் வாயிலில் மறிக்கப்பட்டனர். அங்கே மறித்த கை அரசின் கையன்று; நம்முடைய கை. பல்லவ மன்னனுடைய ஆணைக்குப் பணிய மறுத்தவர் திருநாவுக்கரசர் என்று பெரியபுராணத்திற் படித்துப் பெருமைப்படும் நாம், கோயில் வாயிலில் ஒரு பல்லவனாக நிற்கலாமா?

இன்னும் ஒன்று. 1990 அக்டோபர் 30ஆந் திகதி, தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழ்ந்த யாழ்ப்பாண நகர முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் கட்டளையிட்டனர். அவர்களிடமும் விசாரணை இல்லை; கேட்க மன்றமும் இல்லை. நம் பெயராற் செய்யப்பட்டதாயினும் அநீதி அநீதியே. அதைச் சொல்லத் தயங்குவோமாயின், நமக்கு இழைக்கப்பட்டதைச் சொல்லும் தகுதியும் நம்மிடம் குறைந்துபோம்.

நமக்கு இழைக்கப்பட்டதோ சிறிதன்று. 1979இல் மூன்று ஆண்டுக்கென்று வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் ஆணையால் ஒருவரைப் பதினெட்டு மாதம் தடுத்துவைக்க அது இடமளித்தது. 2022இன் திருத்தமே அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. பிடிக்கப்பட்டு வீடு திரும்பாதோர் பலர். 1996இல் நாவற்குழியிற் கைதாகிக் காணாமற்போன இளைஞர்களுக்காக அவர்தம் உறவினர் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு இட்டனர். இருபது ஆண்டு கழிந்த பின்னும் "எங்கள் பிள்ளை எங்கே?" என்று கேட்கும் தாய், சிலம்பேந்திய கண்ணகியின் வழியில் நிற்பவள். அவளைத் தனியே நிற்க விடுவது இந்த ஊருக்கு அழகன்று.

இனி நம் மன்றத்து இளைஞர் செய்யத்தக்கது யாது? முதலாவது, சட்டத்தை அறியுங்கள். 1978 அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையின்படி, கைது செய்பவர் காரணம் சொல்லவேண்டும். சட்டம் விதித்தபடி கைதியை நீதிபதியின்முன் நிறுத்தவேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும்; அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அக்கணக்கிற் சேராது. இதை அறியாமல் நாள் கடத்தி வழக்கிழந்தோர் உண்டு. அயல்வீட்டுப் பிள்ளை பிடிபட்ட அன்றே, யார் பிடித்தார், எந்நேரம், எவ்விடம், எந்த வாகனம் என்று எழுதிவைக்கப் பழகுங்கள். அத்தாளே நாளைக்குச் சாட்சி.

இரண்டாவது, நமக்கு வேண்டாதவன் பிடிபட்டாலும் அதே கேள்வியைக் கேளுங்கள். வேற்றூரான், வேற்று மதத்தான், வேற்றுக் கட்சியான் என்று பாராதீர்கள். அவனுக்கு மறுக்கப்பட்ட விசாரணை, நாளை நமக்கும் மறுக்கப்படும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மன்றத்திலும் கோயிற் பரிபாலன சபையிலும் வீட்டிலும் இளைஞன் எழுந்து "ஏன்?" என்று கேட்டால், அதை மரியாதைக்குறைவு என்று அடக்கிவிடாதீர்கள். காரணம் சொல்லுங்கள். வீட்டிற் கேட்டுப் பழகாதவன் நாட்டிலும் கேட்கமாட்டான்.